கார்னெட்டுக்குள் அகப்பட்ட உருகல்: மேலோடு உருகியதைப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பாதி உருகி மறுபடி உறைந்த மிக்மடைட் பாறையை முதல்முறை பார்க்கும் யாருக்கும் கண் போவது அந்த வெள்ளை வரிகள் மேல்தான். கருத்த மைக்கா அடுக்குகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். "இதுதான் உருகின பகுதி" என்று சொல்லித் தருவார்கள். நாமும் அந்த வெள்ளை வரியை வெட்டியெடுத்து, பொடித்து, பகுப்பாய்வுக்குக் கொடுத்து, வரும் எண்களை "மாக்மாவின் கலவை" என்று எழுதிவிடுவோம்.

பெரும்பாலும் அது மாக்மாவின் கலவையே அல்ல. லூகோசோம் எனப்படும் அந்த வெள்ளை வரி, உருகல், அதாவது பாறை உருகியதால் உண்டான திரவம், நடந்துபோன பாதை. முதலில் படிகமான ஃபெல்ட்ஸ்பார் அங்கேயே தங்கியிருக்கும், மீதித் திரவம் மேலே ஏறிப் போயிருக்கும். பக்கத்துப் பாறையிலிருந்து உதிர்ந்த படிகங்கள் கலந்திருக்கும். இன்னொரு இடத்தில் உருகியது வந்து சேர்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உறையும்போது அதிலிருந்த நீர் முழுக்க வெளியேறியிருக்கும். உருகிய கணத்தில் அந்தத் திரவத்தில் எவ்வளவு நீர் இருந்தது என்பதே நமக்கு மிகவும் தேவைப்படும் எண். வெள்ளை வரியிடம் அதற்குப் பதில் கிடையாது.

பதில் இருப்பது பக்கத்தில் சிவப்பாக நிற்கும் கார்னெட் கனிமத்துக்குள். அதன் நடுவில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும் ஒரு மங்கலான திட்டுக்குள், 5 முதல் 20 மைக்ரான் அளவில், அந்த உருகலின் துளிகள் அடைபட்டிருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு சிறியவை என்பது புரியும். அந்தத் துளியைக் கண்டுபிடித்து, உண்மையானதா என்று சோதித்து, மறுபடி உருக்கி, அளந்து, பொருள் காண்பது வரை ஒவ்வொரு கட்டமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், துளி எப்படி உள்ளே போகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் நுண்ணோக்கியின் முன் உட்காராதீர்கள். களிமண் படிவிலிருந்து உருவான உருமாற்றப் பாறை பூமியின் நடு மேலோட்டிலோ கீழ் மேலோட்டிலோ சூடாகும்போது, மைக்காவில் கட்டுண்டிருக்கும் நீர்தான் உருகலைத் தொடங்கிவைக்கிறது. மஸ்கோவைட் முன்னதாகவே உடையும். அப்புறம் பயோடைட்டின் முறை. அதன் வினையை எளிமையாக இப்படி எழுதலாம்: பயோடைட், சிலிமனைட், குவார்ட்ஸ், பிளாஜியோகிளேஸ் நான்கும் சேர்ந்து கார்னெட்டாகவும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாராகவும் உருகலாகவும் மாறுகின்றன.

இந்த வினையின் வலதுபக்கத்தைக் கவனியுங்கள். கார்னெட்டும் உருகலும் ஒரே வினையில், ஒரே நேரத்தில் பிறக்கின்றன. இப்படி உருகலோடு சேர்ந்தே பிறக்கும் திடக் கனிமத்துக்குப் பெரிடெக்டிக் கனிமம் என்று பெயர். கார்னெட் வளர்வது அந்த உருகலுக்கு நடுவில்தான் என்பதால், வளரும் முகத்தில் ஒரு சின்னப் பள்ளமோ, ஒட்டிக்கொண்ட கிராஃபைட் துணுக்கோ இருந்தால் போதும். துளி அங்கே தேங்கும், கார்னெட் அதைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும்.

எரிமலைப் பாறைகளில் நடப்பதற்கு இது நேர் எதிர். அங்கே மாக்மா குளிரும்போது படிகம் வளர்ந்து, ஏற்கெனவே மாறிவந்த திரவத்தைப் பிடிக்கிறது. இங்கே வெப்பம் ஏறும்போதே, உருகல் தொடங்கிய இடத்திலேயே, அது எங்கும் நகர்ந்து போவதற்கு முன்பே பிடிபடுகிறது. மேலோடு உருகுவதைப் படிக்க இதைவிட நேரடியான சாட்சி வேறு இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

கார்னெட் நல்ல பெட்டி என்பதும் முக்கியம். அது வலிமையானது, மைக்காவைப் போல ஏடு ஏடாகப் பிளக்காது, கிரானைட் வகை உருகலோடு அதிகம் வினைபுரியாது. கார்டியரைட், இல்மனைட், ஆண்டலுசைட் போன்ற கனிமங்களிலும் பொதிவுகள், அதாவது இப்படி அடைபட்ட துளிகள், கிடைத்திருக்கின்றன. இருந்தாலும் தொடங்குபவர்கள் கார்னெட்டோடு தொடங்குவதே நல்லது.

இவ்வளவு நாள் ஏன் யாரும் பார்க்கவில்லை?

படிகங்களுக்குள் கண்ணாடித் துளிகள் இருப்பதை ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1858-இலேயே விவரித்துவிட்டார். எரிமலை ஆய்வாளர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். உருமாற்றப் பாறைக்காரர்கள் பக்கத்தில் வெகுகாலம் அமைதி. மெதுவாக, பல லட்சம் ஆண்டுகள் குளிர்ந்த பாறையில் கண்ணாடி எங்கே மிஞ்சப்போகிறது என்ற எண்ணமே காரணம்.

முதல் நல்ல தடயம் ஸ்பெயினின் தென்கிழக்கில் உள்ள எல் ஒயாஸோவிலிருந்து வந்தது. அங்கே டேசைட் எரிமலைக் குழம்பு, ஆழத்தில் பாதி உருகிய பாறைத் துண்டுகளைச் சட்டென்று மேலே கொண்டுவந்து போட்டது. வேகமாகக் குளிர்ந்ததால் கார்னெட்டுக்குள் இருந்த உருகல் கண்ணாடியாகவே நின்றுவிட்டது. 1997-இல் பெர்னார்டோ செசாரேயும் அவர் குழுவினரும் அதை வெளியிட்டார்கள். ஆனால் அது எரிமலை வழியாக வந்த விதிவிலக்கு.

திருப்பம் 2009-இல் வந்தது. கேரள கோண்டலைட் வளையம் என்ற தென்னிந்தியப் பாறைப் பகுதியின் கிரானுலைட்டுகளில் (மிக உயர்ந்த வெப்பத்தில் உருமாறிய பாறைகளில்), கார்னெட்டுக்குள், மெதுவாகக் குளிர்ந்த சாதாரணப் பாறையிலேயே, உருகல் பொதிவுகள் இருப்பதைச் செசாரே, ஃபெரேரோ முதலியோர் காட்டினார்கள். பெரிய பொதிவுகள் நுண்ணிய குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பயோடைட் படிகங்களாக உறைந்திருந்தன. அதற்கு 'நானோகிரானைட்' என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே இருந்த மிகச் சிறிய பொதிவுகள் இன்னும் கண்ணாடி! 50 கோடி ஆண்டுகளுக்கு மேலான பாறையில், ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸைத் தொட்டு மெதுவாகக் குளிர்ந்த பாறையில், கண்ணாடி. இடம் மிகச் சிறியதாக இருந்தால் படிகக் கரு உருவாவதே கடினம் என்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கம். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்த நாளில், நுண்ணோக்கிக்காக மெல்லியதாகத் தேய்த்து அலமாரியில் வைத்திருந்த பழைய பாறைத் தகடுகளையெல்லாம் எடுத்து மறுபடி பார்த்தேன். பல ஆய்வாளர்கள் அன்று அதைத்தான் செய்திருப்பார்கள்.

படி 1: பாறையைத் தேர்ந்தெடுப்பது

களிமண் அல்லது கிரேவாக் (களிமண் கலந்த மணற்கல்) வகைப் படிவிலிருந்து வந்த மிக்மடைட்டும் கிரானுலைட்டும் உங்கள் முதல் தேர்வு. வெள்ளை வரி மிகுதியாக உள்ள இடத்தைவிட, கருத்த எச்சப் பகுதியும் அதற்கும் வெள்ளை வரிக்கும் இடையிலான எல்லையும் நல்ல இடங்கள். கார்னெட் அங்கேதான் வினையின் விளைபொருளாக வளர்ந்திருக்கும்.

பெரிய, அழகான கார்னெட்டைத் தேடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தெற்கு ஸ்பெயினின் ரோண்டா பகுதி மிக்மடைட்டுகளில் மிகச் சிறந்த பொதிவுகள் கிடைத்தது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே இருக்கும் கார்னெட்டுகளில். கையில் எடுக்கும் மாதிரியில் அவை கண்ணுக்கே தெரியாது. விரிசல் நிறைந்த கார்னெட், விரிசல் வழியே குளோரைட்டாக மாறியிருக்கும் கார்னெட் இரண்டையும் ஒதுக்கலாம். உள்ளே இருந்தது எப்போதோ கசிந்திருக்கும்.

பாறை வெளியே தெரியும் ஒரே இடத்திலிருந்து உருகல் குறைவாக நடந்த பாறை, அதிகமாக நடந்த பாறை என வரிசையாக எடுங்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பிற்பாடு தவிப்பதைவிட இது மேல்.

படி 2: தகடு செய்வது

வழக்கமான 30 மைக்ரான் மென்தகடு தேடுவதற்குப் போதும். அதோடு 100 முதல் 150 மைக்ரான் தடிமனில், இரண்டு பக்கமும் மெருகேற்றிய தகடு ஒன்றும் செய்துகொள்ளுங்கள். பொதிவு முழுதாக, வெட்டுப்படாமல், கார்னெட்டுக்குள் மூடியிருப்பதை அதில்தான் பார்க்க முடியும். வெட்டுப்பட்டுத் திறந்த பொதிவில் மென்மையான பகுதி மெருகேற்றும்போதே பிய்ந்து போயிருக்கலாம். கடைசி மெருகுக்குக் கூழ்ம சிலிக்கா பயன்படுத்தினால் மேற்பரப்பு கீறலின்றி வரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இந்த ஒரு வேலையில் அவசரப்பட வேண்டாம்.

படி 3: பார்ப்பது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் முழு ஆய்வின் தரமும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

கார்னெட் கன சதுரப் படிக முறையைச் சேர்ந்தது. அதனால் குறுக்கு நிக்கலில், அதாவது இரண்டு ஒளிமுனைவாக்கித் தகடுகளையும் செங்குத்தாக வைத்துப் பார்க்கும்போது, அது முழுக் கருப்பாகத் தெரியும். மேடையை எப்படிச் சுழற்றினாலும் கருப்புதான். இந்தக் கருப்பே நமக்குத் துணை. 10 மடங்கு லென்ஸில் கார்னெட்டின் நடுவைக் கொண்டுவாருங்கள். முதலில் சாதாரண ஒளியில் பாருங்கள்: நடுப்பகுதியில் புகை படிந்தது போல ஒரு மங்கல் தெரிகிறதா? இப்போது குறுக்கு நிக்கலைப் போட்டு, மேடையை மெதுவாகச் சுழற்றுங்கள். உள்ளே இருப்பவை உறைந்த பொதிவுகளாக இருந்தால், இருட்டு வானத்தில் நட்சத்திரங்கள் போல அந்த மங்கல் மினுமினுக்கும். 50 மடங்குக்குப் போங்கள். ஒரே புள்ளிக்குள் ஒரு மூலை வெளிச்சமாகவும் இன்னொரு மூலை இருட்டாகவும் இருக்கும், சுழற்றினால் இடம் மாறும். ஒரு துளிக்குள் பல படிகங்கள் இருக்கின்றன என்று அதற்குப் பொருள். தனிக் குவார்ட்ஸ் துணுக்காக இருந்தால் முழுதும் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணையும்.

கண்ணாடியாகவே இருக்கும் பொதிவு இந்தச் சோதனையில் ஒளிராது, கார்னெட்டோடு சேர்ந்து கருப்பாகவே நிற்கும். அதைச் சாதாரண ஒளியில்தான் தேட வேண்டும். விளிம்பு கூர்மையான, உள்ளே தெளிவான, சில சமயம் ஒரு சுருக்கக் குமிழோடு கூடிய சிறு பலகோணமாகத் தெரியும். கண்ணாடியை இழக்காமல் இருக்க ஒவ்வொரு கார்னெட்டையும் இரண்டு ஒளியிலும் பார்த்துவிட்டே நகருங்கள்.

அடுத்து, முதன்மைப் பொதிவா இரண்டாம் நிலைப் பொதிவா என்ற கேள்வி. கார்னெட் வளரும்போது அகப்பட்டவைதான் நமக்கு வேண்டும். பிற்பாடு விரிசல் வழியே நுழைந்து, விரிசல் ஆறியபின் உள்ளே நின்றவை வேண்டாம். அடையாளம் இதுதான்: முதன்மைப் பொதிவுகள் படிகத்தின் நடுவில் கொத்தாகவோ வளர்ச்சி வளையத்தை ஒட்டி வட்டமாகவோ கிடக்கும். இரண்டாம் நிலையவை நேர்கோட்டிலோ ஒரு தளத்திலோ வரிசையாக, பெரும்பாலும் விளிம்பைத் தொட்டு ஓடும். கோடு போட்டது போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வடிவமும் பேசும். நல்ல பொதிவு, தன்னைச் சுற்றியுள்ள கார்னெட்டின் படிக முகங்களை உள்பக்கமாகப் பெற்றிருக்கும். எதிர்ப் படிக வடிவம் என்பார்கள். நீண்ட காலம் சூடான திரவத்தைச் சுற்றிக் கார்னெட் தன் சுவரைச் சீர்படுத்திக்கொண்டதன் விளைவு அது.

நடுவில் பொதிவுகள் நிறைந்து விளிம்பில் ஒன்றுமே இல்லாத கார்னெட்டைப் பார்த்து, விளிம்பு வளர்ந்தபோது உருகல் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். உருகல் இருந்தும், வளர்ச்சி சீராக நடந்ததால் துளி அகப்படாமல் போயிருக்கலாம். பொதிவு இருந்தால் உருகல் இருந்தது நிச்சயம். பொதிவு இல்லை என்றால் ஒன்றும் நிச்சயமில்லை.

படி 4: உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகலாம். பின்சிதறல் எலக்ட்ரான் படத்தில் கார்னெட் வெளிர் சாம்பலாகவும், குவார்ட்ஸும் ஆல்பைட்டும் அடர்ந்த சாம்பலாகவும், பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார் சற்று வெளிறியும் தெரியும். பயோடைட் தகடுகள் பெரும்பாலும் சுவரை ஒட்டி நிற்கும். நடுவே நுண்ணிய வெற்றிடங்கள் தெரிந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்: உருகல் படிகமானபோது அதில் கரைய இடமில்லாமல் போன நீர் ஒதுங்கிய இடங்கள் அவை. உருகலில் நீர் இருந்தது என்பதற்கான முதல் சாட்சி.

இப்போது ஒரே கார்னெட்டில் உள்ள பத்துப் பதினைந்து பொதிவுகளை ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே கனிமங்கள், ஏறக்குறைய அதே விகிதத்தில் இருந்தால், அவை ஒரே சீரான திரவத்திலிருந்து உள்ளேயே படிகமானவை. அவற்றைச் சேய்க் கனிமங்கள் என்கிறோம். ஒன்றில் மட்டும் திடீரென்று பெரிய சிர்கானோ, பொதிவின் சுவரைத் தாண்டிக் கார்னெட்டுக்குள் நீளும் கிராஃபைட்டோ இருந்தால், அது உருகலோடு சேர்ந்து அகப்பட்ட திடத் துணுக்கு. அதைக் கணக்கில் சேர்த்தால் கலவை தவறும்.

கனிமத்தின் பெயரை உறுதிசெய்ய ராமன் நிறமாலை. 1928-இல் சி.வி. ராமன் கண்டறிந்த அந்த ஒளிச்சிதறல் இந்த வேலைக்கென்றே அமைந்தது போல இருக்கும்: தகட்டை உடைக்காமல், கார்னெட்டுக்குள் மூடியிருக்கும் பொதிவை அப்படியே படிக்கலாம். குவார்ட்ஸ் 464 அலை எண்ணில் (சென்டிமீட்டருக்கு) கோடு காட்டும். அதற்குப் பதிலாக 416-ஐச் சுற்றிக் கோடு வந்தால், சிலிக்காவின் இன்னொரு படிக வடிவமான கிறிஸ்டோபலைட். அதோடு கும்டிகோலைட், கோக்செடாவைட் என்ற இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள். ஆல்பைட்டுக்கும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாருக்கும் உரிய அதே வேதியியல், ஆனால் வேறு படிக அமைப்பு. இரண்டுக்கும் பெயர் வந்தது கஸகஸ்தானின் கோக்செடாவ் பகுதியிலிருந்து. நிலைத்து நிற்க முடியாத இந்த வடிவங்கள் இன்னும் மாறாமல் இருக்கின்றன என்றால், அந்தப் பொதிவு உடையவும் இல்லை, வெளியிலிருந்து எதுவும் நுழையவும் இல்லை. கிடைத்தால் அதை முதல் தர மாதிரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

1285, 1388 என்ற இரட்டைக் கோடு தெரிந்தால் கரியமில வாயு. உருகலோடு தனியாக ஒரு வாயுவும் சேர்ந்து அகப்பட்டதா, அல்லது உருகலில் கரைந்திருந்தது பின்னால் பிரிந்ததா என்று பார்க்க, அருகிலேயே தனி வாயுப் பொதிவுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், உருகும்போதே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்று சொல்லலாம்.

படி 5: மறுபடி உருக்குவது

கண்ணாடிப் பொதிவு கிடைத்தவர்கள் இந்தப் படியைத் தாண்டலாம். மற்றவர்களுக்கு இதுதான் கடினமான கட்டம். உறைந்த நானோகிரானைட்டை அப்படியே அளக்க முடியாது. அதை மறுபடி ஒரே கண்ணாடியாக்க வேண்டும்.

எரிமலைப் பொதிவுகளுக்குச் செய்வது போல நுண்ணோக்கியின் சூடாக்கும் மேடையில் வைத்துச் சூடாக்கினால் என்ன? வெளியே ஒரு வளிமண்டல அழுத்தம்தான் இருக்கும். உள்ளே நீர் நிறைந்த உருகல் விரியும். கார்னெட் பிளந்து, நீர் ஓடிவிடும். நீருக்காகத்தான் இத்தனை பாடு, அதையே இழந்துவிடுவோம். அதனால்தான் பிஸ்டன் சிலிண்டர், அதாவது உயர் அழுத்தத்தில் வைத்தே சூடாக்கும் கருவி.

பாறையை உடைத்து, பொதிவு நிறைந்த கார்னெட் துண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் கையால் பொறுக்குங்கள். சிலிக்கா பொடியிலோ கிராஃபைட் பொடியிலோ புதைத்து, தங்கக் குப்பியில் அடைத்து, பற்றவைத்து மூடுங்கள். அழுத்தம் அந்தப் பாறை உருகிய ஆழத்தின் அழுத்தத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ரோண்டா பொதிவுகளை ஓமர் பார்டோலி குழுவினர் 0.5 ஜிகாபாஸ்கலில் உருக்கினார்கள். கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் ஆழம் அது. போலந்தின் ஒர்லிட்சா-ஸ்னியெஷ்னிக் பகுதியில் மிக ஆழத்துக்குப் போய்வந்த பாறைக்கு, 2015-இல் ஃபெரேரோ குழுவினருக்கு 2.7 ஜிகாபாஸ்கலும் 875 டிகிரியும் தேவைப்பட்டன. சூடாக்கிய நிலையில் ஒரு நாள் வைத்திருந்து, சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி கிடைக்கும்.

வெப்பநிலையை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாறையின் மற்றக் கனிமங்களிலிருந்து ஒரு மதிப்பீடு எடுத்து, அதற்குக் கீழிருந்து 50 டிகிரி இடைவெளியில் ஏறுங்கள். குறைவாக இருந்தால் படிகம் மீதியிருக்கும். அது பரவாயில்லை, மறுபடி செய்யலாம். அதிகமாக இருந்தால் ஆபத்து வேறு விதம். ஒருமுறை நான் பொறுமையில்லாமல் நேராக 100 டிகிரி கூடுதலாக வைத்தேன். கண்ணாடி அருமையாக, ஒரு படிகம்கூட இல்லாமல் வந்தது. அளந்தபோது இரும்பும் மெக்னீசியமும் ஏகத்துக்கு உயர்ந்திருந்தன. நன்றாகப் பார்த்தால், நேராக இருந்த பொதிவின் சுவர் அலை அலையாக அரித்திருந்தது. உருகல் தன் பெட்டியையே கரைத்துக் குடித்துவிட்டது. பொறுக்கியெடுத்த நல்ல கார்னெட்டுகள் அத்தனையும் வீணாகிப் போயின.

ஆகவே ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் மூன்றைப் பாருங்கள். சுவர் இன்னும் நேர்முகமாக இருக்கிறதா? பொதிவிலிருந்து கார்னெட்டுக்குள் கண்ணாடி நிரம்பிய சிறு விரிசல்கள் கிளம்பியிருக்கின்றனவா? முன்பு இல்லாத புதுக் கனிமம் சுவரில் முளைத்திருக்கிறதா? மூன்றிலும் குறை இல்லாத, முழுக்கக் கண்ணாடியான பொதிவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட முழு உருகல் முதன்முதலில் கிடைக்கும் வெப்பநிலை, துளி அகப்பட்ட வெப்பநிலைக்கு நெருக்கமானது என்பது ஒரு கூடுதல் பயன்.

படி 6: அளப்பது

முதன்மைத் தனிமங்களுக்கு, எலக்ட்ரான் கற்றையால் கலவையை அளக்கும் எலக்ட்ரான் மைக்ரோபுரோப். சாதாரணக் கனிமத்துக்கு வைக்கும் அமைப்பில் இதை அளக்காதீர்கள். நீர் நிறைந்த கிரானைட் கண்ணாடியில் எலக்ட்ரான் கற்றை பட்டவுடன் சோடியம் நகர்ந்துவிடும். எண் குறைவாக வரும், சிலிக்காவும் அலுமினாவும் கூடுதலாகத் தோன்றும். கற்றையை விரித்து இதைத் தவிர்க்கலாம் என்றால், 8 மைக்ரான் பொதிவில் விரிக்க இடம் ஏது? அதனால் மின்னோட்டத்தை 2 நானோஆம்பியர் அளவுக்குக் குறைத்து, சோடியம், பொட்டாசியம், அலுமினியம், சிலிக்கான் நான்கையும் முதலில் அளந்து, நீர் அளவு தெரிந்த கிரானைட் கண்ணாடிகளை அதே அமைப்பில் அளந்து திருத்தக் காரணி எடுங்கள். இந்தத் திருத்தம் இல்லாத பகுப்பாய்வை நான் நம்புவதில்லை.

மொத்தம் 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை நீர் என்று கொள்ளும் வழக்கம் உண்டு. முதல் மதிப்பீட்டுக்குச் சரி. நேரடி அளவு வேண்டுமென்றால் நானோசிம்ஸ் (அயனிக் கற்றையால் நுண்ணிய இடத்தை அளக்கும் கருவி) அல்லது ராமன்.

மிகக் குறைந்த அளவில் இருக்கும் அரிய தனிமங்களுக்கு, லேசரால் பொருளை அரித்தெடுத்து அளக்கும் லேசர் அரிப்பு நிறைநிரலியல். லேசர் குழி பொதிவைவிடப் பெரியதாக இருக்கும், எனவே பொதிவோடு சுற்றியுள்ள கார்னெட்டும் சேர்ந்தே வரும். பிற்பாடு கார்னெட்டின் பங்கைக் கழிக்க வேண்டும். இங்கே எந்தத் தனிமத்தை நம்புவது என்பது தெளிவாக இருக்கட்டும். ருபிடியம், சீசியம், பேரியம், போரான் போன்றவை கார்னெட்டில் அறவே இல்லை என்று சொல்லலாம், அதனால் வரும் எண் முழுதும் உருகலுடையது. இட்ரியமும் கன அருமண் தனிமங்களும் கார்னெட்டில் குவிந்திருப்பவை. அவற்றின் கழித்தலில் சிறு பிழையும் பெரிதாகிவிடும். அவற்றை அட்டவணையில் போடாமல் விடுவதே நேர்மை.

எத்தனை பொதிவு? முடிந்த அளவு. ஒரு பொதிவை வைத்து ஒரு மாக்மாவைப் பற்றிப் பேசக்கூடாது. பெரிய பொதிவும் சிறிய பொதிவும் ஒரே கலவையைக் காட்டுகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். வளரும் படிகத்தின் முகத்தை ஒட்டிய திரவம், தள்ளியிருக்கும் திரவத்திலிருந்து சற்று மாறியிருக்கலாம். அந்த மெல்லிய படலம் அகப்பட்டிருந்தால் சிறிய பொதிவில்தான் அதிகம் தெரியும். அளவு மாறியும் கலவை மாறாமல் இருந்தால் அந்தக் கவலையைப் பெருமளவு விட்டுவிடலாம்.

படி 7: எண்களிலிருந்து பாறைக்கு

கலவையைக் குவார்ட்ஸ், ஆல்பைட், ஆர்த்தோகிளேஸ் முக்கோணத்தில் வையுங்கள். குறைந்த வெப்பநிலையில், நீரோடு உருகியது முக்கோணத்தின் நடுப்பகுதியில் விழும். மிக உயர்ந்த வெப்பத்தில், நீர் குறைவாக உருகியது பொட்டாசியப் பக்கம் நகரும். கேரளக் கண்ணாடி பொட்டாசியம் மிகுந்து காணப்பட்டது இதற்குப் பொருந்தி வருகிறது.

நீரின் அளவு கிடைத்ததும் இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்று, வெளியிலிருந்து வந்த நீரால் உருகியதா, மைக்கா உடைந்ததால் உருகியதா என்ற பழைய கேள்வி. இரண்டு, பாகுநிலை. சில சதவீத நீர் கூடினாலே கிரானைட் உருகலின் பாகுநிலை பல மடங்கு இறங்கும், அது பாறையை விட்டு எவ்வளவு எளிதாகப் பிரிந்து மேலேறும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பொதிவில் அளந்த யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தைக் கொண்டு, உருகல் வெளியேறியபின் கீழ் மேலோட்டில் எவ்வளவு வெப்பம் உண்டாக்கும் திறன் மிஞ்சும் என்றும் கணக்கிடலாம். மேலோடு மேலே கிரானைட்டாகவும் கீழே வறண்ட கிரானுலைட்டாகவும் பிரிந்த வரலாற்றுக்கு இது நேரடி அளவு.

காலத்தையும் சேர்க்க முடியும். பொதிவுகள் இருக்கும் அதே கார்னெட் மண்டலத்தில் காலம் கணிக்க உதவும் மோனசைட் கனிமம் இருந்தால், அல்லது கார்னெட்டையே லுட்டீசியம்-ஹாஃப்னியம் கதிரியக்கக் காலக்கணிப்பு முறையில் அளந்தால், உருகல் எப்போது நடந்தது என்பதும் கிடைக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. அளந்த உருகலின் கலவையை, பாறையின் மொத்தக் கலவையை வைத்துச் செய்த கனிமச் சமநிலைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கு சொல்லும் உருகலும் பொதிவு சொல்லும் உருகலும் நெருங்கி வந்தால் சரி. பொதிவு உருகத் தேவைப்பட்ட வெப்பநிலை, பாறை கண்ட உச்ச வெப்பநிலையைவிடத் தெளிவாக அதிகம் என்று வந்தால், எங்கோ நீர் கசிந்திருக்கிறது, அல்லது ஒரு திடத் துணுக்கு சேர்ந்து அகப்பட்டிருக்கிறது. அப்போது எண்களைத் திருத்த முயலாதீர்கள். அந்தப் பொதிவின் முதல் புகைப்படத்தை, சூடாக்கும் முன் எடுத்ததை, தேடி எடுங்கள். ஒவ்வொரு பொதிவுக்கும் அந்தப் படமும், தகட்டில் அதன் இடமும் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்: ஓரத்தில் மெல்லிய ஒரு விரிசல், அல்லது சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிராஃபைட் முனை.